உரல்குழிக்கு ஒரு ஆமாம்

"சாமி, இத்தனை காலமா உங்க காலடியிலயே கிடக்கேன். ஒரு தடவையாவது என்னைப் பார்த்து 'ஆமாம்'னு சொல்லியிருக்கீங்களா?"

அழகியநம்பி கேட்டார்.

சாமியார் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எதுக்கு ஆமாம்?"

"நான் சொல்றதுக்கு."

"நீரு என்ன சொல்லுதீரு?"

"மின்சாரம் சாமி. எல்லாமே மின்சாரம்."

சாமியார் ஒரு கல்லை எடுத்து வாசலில் எறிந்தார். தேவைக்கு மேல் வேகமாகவே எறிந்தார்.

நம்பி சாமியாரைவிட வயதில் மூத்தவர். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதற்குப் பிறகு எங்கெங்கோ படித்து, வானத்திலும் பூமியிலும் விளங்காமல் கிடப்பதற்கெல்லாம் ஒரே காரணம் மின்சாரம்தான் என்று முடிவுக்கு வந்துவிட்டார். வீட்டில் சாப்பாட்டு நேரத்தில்கூட அதையே பேசினார். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன வீட்டார், ஆன்மிகத்தில் நாட்டம் வந்துவிட்டது போல என்று ஊரில் சொல்லி, அவரை மலையில் இருக்கும் சாமியார் மடத்துக்கு அனுப்பிவைத்தார்கள்.

சாமியாரை ஊர்க்காரர்கள் சிடுமூஞ்சிச் சாமி என்பார்கள். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அவர் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. ஏற்கெனவே கோபத்தில் இருப்பவர் புதிதாகக் கோபிக்க என்ன இருக்கிறது.

"நிலாவுல இத்தனை குழி இருக்கே, எப்படி வந்துச்சு?" என்றார் நம்பி.

"நான் தோண்டலை."

"கல்லு வந்து விழுந்துச்சுங்கறாங்க சாமி. கல்லு சாஞ்சு விழுந்தா குழி நீளமாத்தானே விழணும்? அங்க எல்லாம் வட்டம். வெல்டிங் வைக்கிற பட்டறையில தகட்டைப் பாருங்க. பொறி பட்ட இடம் வட்டமாத்தான் இருக்கும்."

"சரி, சூரியன்?"

கேட்டதும் சாமியார் நாக்கைக் கடித்துக்கொண்டார். கேட்டிருக்கக் கூடாது.

"அது எரியவே இல்லை சாமி. வெளியில இருந்து கரண்ட் வருது. நம்ம வீட்டு பல்பு மாதிரி."

"ஃபியூஸ் போச்சுன்னா நீருதான் ஏணி வச்சு ஏறுவீராக்கும்."

"கிண்டல் பண்றீங்க. தேரிக்காட்டு மண்ணு ஏன் சிவந்து கிடக்கு, சொல்லுங்க பார்ப்போம்."

"தெரியாது."

"வெந்த மண்ணு சாமி. மேல இருந்து மின்சாரம் பாய்ஞ்சு வெந்தது."

"எனக்கு ரெண்டு நாளா மூட்டு வலிக்கே, அது?"

"நரம்புல ஓடுறதும் மின்சாரம்தானே."

சாமியார் அடுத்த கல்லைத் தேடினார். அரிசியில் கல் தீர்ந்துபோயிருந்தது.

---

அப்போது முப்பிடாதி மோர்ப்பானையோடு படியேறி வந்தாள்.

மலைக்கு வருகிறவர்களுக்கு மோர் விற்கிறவள். முதல் செம்பு எப்போதும் சாமியாருக்கு.

அவள் குரல் ஒரு காலத்தில் இந்த மலைக்கே தெரிந்த குரல். ஆட்டைத் திட்டுவாள், கோழியைத் திட்டுவாள், படியில் வழுக்கினால் படியைத் திட்டுவாள். ஐப்பசியில் அவள் புருஷன் செந்தட்டி ஆடு மேய்த்துவிட்டுத் திரும்பும்போது மழைக்குப் பனையடியில் ஒதுங்கினான். மின்னல் தாக்கி அங்கேயே செத்துப்போனான்.

அன்றைக்கு அடைத்தது அவள் வாய். யார் பேசினாலும் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்து அழுத்திக்கொள்வாள். அழுகையை அடக்குகிறாள் என்று ஊர் நினைத்தது. சாமியாருக்கு அப்படித் தோன்றவில்லை. நாளுக்கு நாள் அவள் கண் உள்ளே போய்க்கொண்டிருந்தது. என்ன செய்வதென்று தெரியாததால் எல்லார் மேலும் எரிந்து விழுந்தார்.

"என்ன தாயி, இன்னைக்காவது ரெண்டு வார்த்தை பேசப்படாதா?"

முப்பிடாதி முந்தானையை வாயில் வைத்தாள். தலையை ஆட்டினாள். செம்பை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சாமியார் நம்பியைப் பார்த்தார்.

"பேச வேண்டியவளுக்கு அடைச்சுக் கிடக்கு. உமக்கு அடைக்க மாட்டேங்கு."

"அவ வீட்டுக்காரர் போனது மின்னல்லதானே சாமி," என்றார் நம்பி. "பார்த்தீங்களா, அங்கயும் மின்சாரம்."

சாமியார் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அன்றைக்கு முழுக்க வெளியே வரவில்லை.

---

மறுநாள் சாமியார் நம்பியைக் கூப்பிட்டார்.

"இந்த மலையில மின்சாரம் செய்யாத சாமான் ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு தேடிக் கொண்டு வாரும். அப்புறம் பேசுவோம்."

நம்பி காலையில் போனார். பாறை, செடி, சுனை, குரங்கு எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பொழுது சாயும்போது வெறுங்கையோடு வந்தார்.

"ஒண்ணும் கிடைக்கலையா?"

"இருந்தாத்தானே சாமி கிடைக்கும்," என்றார் நம்பி.

முகம் மலர்ந்திருந்தது. இதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டுமா என்பது போல நின்றார். சாமியார் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

---

மலை உச்சியில் ஒரு வழுக்குப்பாறை. அதில் வரிசையாகக் குழிகள். வழவழவென்று, உருண்டையாக, நெல் குத்தலாம் போல இருக்கும். ஊர்க்காரர்கள் உரல்குழி என்பார்கள்.

ஒருமுறை கல்லைப் பற்றிப் படித்தவர் ஒருவர் வந்து பார்த்தார். ஓடுகிற தண்ணீரில் கூழாங்கல் சுழன்று சுழன்று தோண்டிய குழி என்றார்.

"உச்சியில ஏதுங்க ஆறு?" என்று நம்பி கேட்டார்.

அந்தக் காலத்தில் நிலம் எப்படிக் கிடந்ததோ, மேலும் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். மேலும் பார்க்க வேண்டும் என்கிற பேச்சே நம்பிக்கு ஆகாது. அன்றிலிருந்து உரல்குழி அவர் சொத்தாகிவிட்டது.

ஒருநாள் சாமியார் காலில் முள் ஏறியது. வாசலில் உட்கார்ந்து ஊக்கால் தோண்டிக்கொண்டிருந்தார். நம்பி வந்து குனிந்து நின்றார்.

"உரல்குழி எப்படி வந்துச்சுன்னு கண்டுபிடிச்சிட்டேன் சாமி."

"வெளிச்சத்தை மறைக்காதேயும்."

"அந்தக் காலத்துல கிரகமெல்லாம் பூமிக்குப் பக்கத்துல இருந்துச்சு. ஒண்ணுக்கொண்ணு மின்னல் பாய்ச்சிக்கிட்டுச்சு. அந்த மின்னல் இறங்கின இடம்தான் உரல்குழி."

"நகரும்."

"அதைக் கண்ணால பார்த்த ஜனங்க கதையாச் சொல்லி வச்சாங்க. முனிவர் சாபம் விட்டாரு, உடனே வானத்துல இருந்து இடி இறங்குச்சுன்னு எத்தனை கதை கேட்டிருக்கோம். அதெல்லாம் கதை இல்லை சாமி. நடந்தது."

"சாபம் விட்டா இடி விழுமாவே?"

"விழுந்திருக்கே. அதான் குழி இருக்கே."

சாமியார் ஊக்கைக் குத்தினார். முள்ளுக்குப் பதில் சதையில் ஏறியது.

"ஐயா, உமக்குப் புண்ணியமாப் போகும். கொஞ்சம் நகரும். முள்ளு தெரியலை."

"ஆமாம்னு சொல்லுங்க. நகர்றேன்."

சாமியார் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை மாதத்து எரிச்சலும் ஒன்றாகத் திரண்டு தொண்டைக்கு வந்தது.

"ஆமாம். போதுமா? மின்னல்தான். கிரகம்தான். சாபம்தான். எல்லாத்துக்கும் ஆமாம். நகரும்வே."

நம்பி நகர்ந்தார்.

முள் வந்துவிட்டது. சாமியார் அதைச் சுண்டி எறிந்துவிட்டு, சொன்னதை அப்போதே மறந்தார்.

நம்பி மறப்பாரா.

---

அமாவாசைக்கு மலையில் கூட்டம். நம்பி உரல்குழிப் பாறையில் ஏறி நின்றுகொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னார். கிரகங்கள், சாபம், இடி. கடைசியில் குரலைத் தாழ்த்தி இதையும் சொன்னார்.

"நானா சொல்லலை. சாமியே ஆமாம்னுட்டாங்க."

ஜனங்கள் குழியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒருவர் குழிக்குள் கற்பூரம் ஏற்றினார்.

சாமியார் காதுக்கு இது வந்தது. கூப்பிட்டுக் கண்டிக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தார். கண்டித்தால் மறுபடியும் சூரியனிலிருந்து ஆரம்பிப்பார். இரண்டு நாளாக நம்பி மேலேயே கிடக்கிறார், மடத்தில் கொஞ்சம் அமைதியாக இருக்கிறது.

"என்னமும் சொல்லிட்டுப் போகட்டும்," என்றார்.

---

அமாவாசை கழிந்த மறுநாள் முப்பிடாதி வந்தாள். தலையில் மோர்ப்பானை இல்லை.

வானம் மூட்டமாக இருந்தது. நம்பி வாசலில் நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சாமியார் முறத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

பல மாதம் பேசாத குரல். கரகரவென்று வந்தது. சாமியார் முறத்தைக் கீழே வைத்தார்.

"கேளு தாயி."

முந்தானையை வாயிலிருந்து ஒரு விரல்கடை விலக்கிப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"மேல இருக்க குழியெல்லாம் சாபத்துல விழுந்த இடியாமே. இந்த ஐயா சொன்னாக. நீங்களும் ஆமாம்னீங்களாம்."

சாமியார் நம்பியைத் திரும்பிப் பார்த்தார். நம்பியின் முகத்தில் பெருமை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அதை எதுக்குக் கேக்க?"

"அன்னைக்குக் காலையில எங்களுக்குள்ள சண்டை. ஆட்டை அவுத்து விடுங்கன்னேன். அவுக அசையாமப் படுத்துக் கிடந்தாக. 'ஒங்க தலையில இடி விழ'ன்னேன்."

முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"தெனமும் சொல்லுதது சாமி. ஆட்டைச் சொல்லுவேன், கோழியைச் சொல்லுவேன். அன்னைக்கு அவுகளைச் சொன்னேன். சாயங்காலம் விழுந்துட்டு."

நம்பியின் முகத்தில் ஒட்டியிருந்தது இப்போது உதிர்ந்துவிட்டது.

"அப்படியெல்லாம் இருக்காதுன்னு ஒரு பக்கம் மனசு சொல்லிக்கிட்டுத்தான் கெடந்துது. யாருட்டயும் கேக்கப் பயம். வாயத் தொறந்தா வேற யாருக்கு என்ன ஆகுமோன்னு பயம். இப்ப தெரிஞ்சு போச்சு. நாந்தான் கொன்னேன்னு ஒங்க வாயால ஒரு தடவை சொல்லிருங்க. நான் போயிருதேன்."

"எங்க போவ?"

அவள் உச்சியில் உரல்குழிப் பாறை இருக்கும் பக்கம் பார்த்தாள். அந்தப் பாறைக்கு அந்தப் புறம் வழி கிடையாது. பள்ளம்தான்.

சாமியார் அவள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

"தாயி, நான் ஆமாம்னு சொன்னது நிசம். ஏன் சொன்னேன் தெரியுமா? இவரு நச்சரிப்புத் தாங்க முடியாம சொன்னேன். முள்ளு எடுக்க வெளிச்சம் வேணும்னு சொன்னேன். அந்தக் குழி எப்படி வந்துதுன்னு எனக்குத் தெரியாது."

"என்னைத் தேத்தணும்னு சொல்லுதீங்க."

"இல்ல தாயி."

"வெளிச்சத்துக்காக ஆமாம்னு சொன்ன வாய், எனக்காக இல்லைன்னு சொல்லாதா சாமி?"

சாமியாருக்குத் தன்மேலேயே எரிச்சல் மூண்டது. இத்தனை காலம் ஆமாம் சொல்லாமல் காத்து வைத்திருந்த வாய், ஒரு முள்ளுக்காகச் செல்லாத வாயாகப் போய்விட்டது.

நம்பியின் பக்கம் திரும்பினார்.

"நீரு சொல்லும்."

நம்பி தொண்டையைச் செருமினார்.

"அது வந்தும்மா, அது ரொம்ப காலத்துக்கு முன்னாடி. கிரகங்களுக்கு நடுவுல..."

"சாபம் விட்டா விழுமா, விழாதா?"

"அப்போ இருந்த நெலைமை வேற. இப்ப..."

"அப்ப விழுந்தது இப்ப விழாதாய்யா?"

நம்பிக்கு ஒதுங்க இடமில்லை. அவர் படித்தவை, சேர்த்தவை, ஊர் முழுக்க ஏளனம் பண்ணியும் விடாமல் சுமந்தவை எல்லாம் அந்த உரல்குழியில்தான் இருந்தன. கேட்கிறவளோ பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாமியார் அவருக்கு ஒரு வார்த்தைகூட எடுத்துக் கொடுக்கவில்லை.

"மின்னலுக்குக் காது கிடையாதும்மா," என்றார் நம்பி.

அவள் திரும்பினாள்.

"உயரமா நிக்கிற பொருள்ல இறங்கும். பனை உயரம். அதுக்கடியில உன் வீட்டுக்காரர் நின்னாரு. அவ்வளவுதான். நான் வேலை பார்த்த காலமெல்லாம் மழையில கம்பத்துல ஏறச் சொல்லி ஆளுகளை விரட்டியிருக்கேன். என் தலையில இடி விழணும்னு எத்தனை பேர் வயிறெரிஞ்சு சொல்லியிருப்பான். ஒருநாளும் விழலை."

"அப்ப அந்தக் குழி?"

நம்பி உச்சியைப் பார்த்தார். பார்த்த கண்ணை உடனே எடுத்துக்கொண்டார்.

"தெரியாது."

அந்த ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து சாமியார் கேட்டதே இல்லை.

"சாபம் விட்டதும் இடி விழுந்துச்சுங்கற கதை?"

"நான் பார்க்கலை. படிச்சது பாதி, நானாச் சேர்த்தது பாதி."

"தெரியாமலா சொன்னீக?"

"ஆமாம்மா."

"சாமி ஒத்துக்கிட்டாகன்னு ஊரெல்லாம் சொன்னீகளே?"

"சொன்னேன்."

"அப்ப அன்னைக்குன்னு ஏன் விழுந்துது? நான் சொன்ன அன்னைக்குன்னு பார்த்து ஏன்?"

"தெரியாதும்மா. நீ தினமும் சொன்னேங்கறே. விழுந்தது ஒரு நாளு. அதுக்கு மேல எனக்குத் தெரியாது. நெசமாவே தெரியாது."

முப்பிடாதி அவரை நம்பினாளா என்று உடனே சொல்ல முடியவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மனுஷன் தன் சொத்தையெல்லாம் தெருவில் இறக்கி வைத்துவிட்டு நிற்பது அந்த முகத்தில் தெரிந்தது. பொய் சொல்கிற முகம் அப்படி இருக்காது.

முந்தானை அவள் கையிலிருந்து நழுவியது.

"ஏன்வே," என்றாள்.

குரல் இன்னும் கரகரத்தது. ஆனால் உயர்ந்தது.

"ஏன்வே, தெரியாதத தெரியாதுன்னு சொல்ல ஒமக்கு என்ன கேடு? ரெண்டு நாளா நான் கண்ண மூடலை. கஞ்சி எறங்கலை. ஒம்ம வெளையாட்டுக்கு என் புருசன் சாவுதான் கெடச்சுதா? நரைச்ச தலையும் நீருமா, வாயி வலிக்காம அவுத்துவிட்டீரே பேச்சு, கட்டையில போற மனுசா..."

மேற்கே, வெகு தூரத்தில், இடி உருண்டது.

அவள் பேச்சு அப்படியே நின்றது. கை பதறிப்போய் வாயைப் பொத்தியது. கண் நம்பியின் தலைமேல் நிலைத்தது.

வானத்தில் சின்னதாக ஏதாவது கேட்டாலும் அண்ணாந்து பார்த்து விளக்கம் சொல்லாமல் இருக்க முடியாதவர் நம்பி. அவர் அண்ணாந்து பார்க்கவில்லை. வாசற்படியிலிருந்து இறங்கி அவள் முன்னால் வந்து கைகட்டி நின்றார்.

"நிறுத்தாதேம்மா. சொல்லு."

சாமியார் எழுந்தார். நொண்டியபடி வந்து நம்பியின் பக்கத்தில் தானும் கைகட்டி நின்றார்.

"எனக்கும் சேர்த்துச் சொல்லு தாயி."

முப்பிடாதி வாயிலிருந்து கையை எடுத்தாள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். யாரிலிருந்து ஆரம்பிப்பது என்று யோசிக்கிறாள் என்பது தெரிந்தது.